கதவு சாத்தாத ஊருக்கு ஓர் இசைத்தட்டு

விருதுநகர் என்னைத் தும்மலோடுதான் வரவேற்றது. ரயிலை விட்டு இறங்கி, சந்தைப் பக்கம் நாலு எட்டு வைத்ததுமே மிளகாய் வற்றல் நெடி மூக்கில் ஏறிவிட்டது. எதிரே வந்தவர்கள் ஒருவரும் தும்மவில்லை. வெளியூர் ஆளைக் கண்டுபிடிக்க அந்த ஊருக்கு வேறு வழியே தேவையில்லை. நான் மூன்றாவது தடவை தும்மியபோது ஓர் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, எங்கன போகணும் என்று கேட்டார்.

கையில் துணிப்பை ஒன்று, கக்கத்தில் சதுரமான அட்டைப் பொட்டலம் ஒன்று. பை தொலைந்தாலும் பரவாயில்லை, பொட்டலம் தொலையக் கூடாது என்ற முடிவோடுதான் மலேசியாவில் ஈப்போவிலிருந்து புறப்பட்டிருந்தேன். பொட்டலத்துக்குள் இருந்தது ஓர் இசைத்தட்டு. இருபத்தைந்து வருடமாகப் பாட்டே போடாமல் இருந்த ஒரு மனிதரின் புதிய ஆல்பம். தபாலில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்து நாலு நாளாகியும் மேலுறையைக்கூட நான் கிழிக்கவில்லை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நூறு பேரில் ஒருவருக்குத்தான் தெரியும், அந்த ஒருவரும் என்னோடு சண்டைக்கு வருவார். இங்கிலாந்தில் பங்க் இசைக்காரர்கள் கத்தி ஓய்ந்த பிறகு, அதே கிட்டாரை வைத்துக்கொண்டு சிலர் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினார்கள். போஸ்ட்-பங்க் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பாட்டை அவரே எழுதி அவரே பாடுவார். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். சிவகாசிப் பக்கத்து ரசிகர்கள் அவரை 'நம்மாளு' என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சிவகாசிப் பக்கத்தில் இவருக்கு ரசிகர்களா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சில வருடங்களுக்கு முன் ரசிகர்கள் கூடும் இணையதளத்தில் ஒருவர், நம்மாளின் கடைசி ஆல்பம் விளக்குப் பாட்டோடு முடிவதைப் போல ஆறுதலான முடிவு உலகத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். விளக்குப் பாட்டு நடுவில் அல்லவா வருகிறது, நீ கேட்டது எந்த ஆல்பம் என்று கிண்டல் செய்தார்கள். அவர் தன் கேசட்டைப் படமெடுத்துப் போட்டார். நான் கேசட்டைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைத்தான் பார்த்தேன். உடனே தமிழில் ஒரு வரி எழுதிப் போட்டேன். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் கதிரேசன் எனக்கு அப்படித்தான் பழக்கம். புது ஆல்பம் என்று ஒன்று வந்தால் அவரும் அவருடைய நண்பர்களும் நானும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் கேட்பது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். கிழவர் இனி எங்கே பாடப்போகிறார் என்ற தைரியத்தில் போட்ட ஒப்பந்தம் அது.

பாடிவிட்டார். எங்கள் மளிகைக் கடைக்கு வருடா வருடம் திருத்தங்கலில்தான் காலண்டர் அடிப்போம். மாதிரியைப் பார்த்துச் சரி சொல்ல எப்போதும் தம்பிதான் வருவான். இந்த வருடம் நான் போகிறேன் என்றதும் அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். காலண்டர் மேல் எனக்குத் திடீரென்று இவ்வளவு பாசம் வந்திருக்கக் கூடாதுதான்.

அன்று மாலை விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் தின்று வளர்ந்தவள் நான். பரோட்டாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற இறுமாப்பு இருந்தது. இங்கே அதை எண்ணெயில் முழுக்காட்டி, முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று எடுத்து வைக்கிறார்கள். நான் ஒரு துண்டைக் கிள்ளி சால்னாவில் தொட்டேன். பரிமாறியவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொறுக்க முடியாமல், "இப்படித் தொட்டுக்கிட்டே இருந்தா எப்பச் சாப்பிட்டு முடிக்கப் போறீக?" என்று வாளியைச் சாய்த்து இலை நிறைய சால்னாவை ஊற்றிவிட்டுப் போனார். நொறுக்கிப் பிசைந்து சாப்பிட்டேன். என் இறுமாப்பு அந்த இலையிலேயே முடிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. திருத்தங்கல் போகும் பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. சத்தம் கேட்டதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே திசையில், தூரத்து வானத்தைப் பார்த்தார்கள். டயர்தான் என்று தெரிந்த பிறகுதான் ஓட்டுநரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் இறங்கிக் கருவேல மர நிழலில் நின்றோம். ஆடிக் காற்று. கரிசல் மண் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காய்ந்து கிடந்தது. வெயிலில் அடிவானம் லேசாக ஆடியது. என்னருகில் இருந்த அம்மாள் தன் மிளகாய் மூட்டையை இறக்கி வைக்க இடம் தேடி, நான் கீழே வைத்திருந்த அட்டைப் பொட்டலத்தின் மேல் வைத்துவிட்டார். நான் பதறியதைப் பார்த்து, கண்ணாடியா என்று கேட்டார். பாட்டு என்றேன். பாட்டு எப்படி ஒடையும் என்று சொல்லிவிட்டு மூட்டையைச் சாவகாசமாக நகர்த்தினார். அப்போது எங்கோ தூரத்தில் ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. இந்தத் தடவை யாரும் திரும்பவில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடியைப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். வேற சத்தம்னா எங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

அச்சகத்துக்குள் அடுத்த வருடம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. சுவரோரமாக ஜனவரி அடுக்கடுக்காக நின்றது. ஒரு பெண் பிப்ரவரியை எண்ணிக் கட்டினார். மூலையில் ஒரு தீபாவளி, வருகிற தீபாவளி இல்லை, அதற்கு அடுத்தது, சிவப்பு மை காயாமல் கிடந்தது. இயந்திரம் தாளை விழுங்கி விழுங்கித் துப்ப, இன்னும் பிறக்காத நாட்கள் காற்றில் படபடத்தன. அங்கே அரை மணி நேரம் நின்றால் இன்றைக்கு என்ன தேதி என்பது மறந்துபோகும். எனக்கு மறந்துபோனது.

கதிரேசன் ஒல்லியான மனிதர். ஐம்பதை நெருங்குகிறார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாகச் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைச் செருகியிருப்பார். என்னைப் பார்த்ததும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறியது. டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு முன், மதுரை வியாபாரி ஒருவர் திருட்டு கேசட்டுகளுக்கு அட்டையும் லேபிளும் அடிக்கக் கொடுத்தார். அதில் ஒன்று நம்மாளின் ஆல்பம். அப்போது அவர்கள் அச்சகத்துக்குக் கணினி வரவில்லை. எழுத்துகளைப் பிலிமாக எடுத்து, விளக்கு மேசையில் வைத்து வெட்டி ஒட்டுவார்கள். பிலிமைக் குப்புறப் போட்டுத்தான் ஒட்ட வேண்டும், அதனால் இடது வலதாகத் தெரியும். இருபத்து மூன்று வயது கதிரேசன் பாட்டுகளின் பெயர்களைச் சரியாக ஒட்டினார். கடைசியில் நகக்கண் அளவுக்கு மிஞ்சிய, கேசட்டின் பக்கங்களைக் குறிக்கும் ஏ, பி என்ற இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டார். ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முதல் பக்கமாகிவிட்டது. மிஞ்சிய கேசட்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்தார். அப்படித்தான் இந்தப் பக்கத்தில் ரசிகர்களே உண்டானார்கள்.

சரியான வரிசையில் அந்த ஆல்பம் ஒரு சோகக் கதை. வெளியே போனவருக்காக ஒரு வீட்டில் விளக்கேற்றி வைத்திருப்பார்கள். அதோடு முதல் பக்கம் முடியும். போனவர் வரவே மாட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதிரேசன் ஒட்டிய வரிசையில் கதவு முதலில் சாத்தப்படும். கடைசியில் விளக்கு எரியும்.

இணையதளத்தில் வெள்ளைக்காரர்கள் சிரித்த அன்றுதான் தன் தவறு தனக்கே தெரிந்தது என்றார் கதிரேசன். ஆனால் அன்று கேசட் வாங்கிய நண்பர்களில் ஒருவரான சங்கரபாண்டி அண்ணனிடம் சொல்ல முடியவில்லை. பிறகு கேசட் தேய்ந்து போனபோது அவருக்குப் பாட்டுகளை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார். அதிலும் மாற்றி வைத்த அதே வரிசையில்.

சங்கரபாண்டி பட்டாசு ஆலையில் போர்மேன். கதிரேசனின் தெருக்காரர், ஐந்தாறு வயது மூத்தவர். கேசட் வந்த மறு வருடம் ஓர் ஆடி மாதத்தில் அவருடைய தம்பி முனியசாமி, வேலை பார்த்த அறையில் தீப்பிடித்து இறந்துபோனான். ஓர் அறைக்கு நாலு பேர்தான், வேலை நடக்கும்போது கதவைச் சாத்தவே கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். காற்றில் வெடிமருந்து பறக்கிறதே என்று முனியசாமி கதவைச் சாத்தியிருக்கிறான்.

"அந்த வருசம் பூரா அண்ணன் இந்தக் கேசட்ட மட்டும்தான் கேட்டாரு யக்கா," என்றார் கதிரேசன். "வெளக்குப் பாட்டு முடிஞ்சாத்தான் ஒறக்கம். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். அது முடிவே இல்ல, நான் தப்பா ஒட்டுனதுன்னு எந்த வாயால சொல்ல? நீங்களும் சொல்லிராதீக."

எனக்குக் கோபம் வந்தது. கடல் தாண்டிப் பாட்டுக் கேட்க வந்தவளை ஒரு பொய்க்குக் காவல் வைக்கிறாரே என்று இருந்தது. ஆனால் அவர் கையில் டீ ஆடை கட்டிப்போயிருந்ததைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் ஆலை வண்டிகள் வந்து நின்றன. பெண்கள் இறங்கி நடந்தார்கள். அவர்களின் கைகளிலும் கழுத்திலும் அலுமினியத் தூள் படிந்திருந்தது. சாய்ந்த வெயில் பட்டு அந்தத் தெரு முழுவதும் வெள்ளியாய் மின்னியது. அவர்களோ, ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டு போனார்கள். கடைசியாக இறங்கியவர் சங்கரபாண்டி. உயரம், நரைத்த மீசை, மெதுவான பேச்சு. என்னைத் தங்கச்சி என்று அழைத்தார். தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் கதவு நிலையில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். ஆலையில் ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பில் ஏறிய மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம், கை எந்த வாசலையும் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் கூடினோம். ஆலங்குளத்திலிருந்து செல்லத்துரை மோட்டார் சைக்கிளில் வந்தார். சிமெண்ட் ஆலையில் வேலை. கதிரேசனின் கேசட்டால் ரசிகரானவர். சிமெண்ட் படிந்த அவரை உட்காரச் சொல்வதற்கு முன் சங்கரபாண்டி ஒரு நாளிதழை விரித்தார். கதிரேசன், செல்லத்துரை, நான், அவர் என்று நாலு பேர் ஆனதும் சங்கரபாண்டியின் மகள் மகேஸ்வரி தானாகவே வாசற்படிக்குப் போய் உட்கார்ந்தாள். கல்லூரி முடித்துவிட்டு கதிரேசனிடம் கணினியில் காலண்டர் வடிவமைக்கும் பெண். எங்க வீட்லயும் ரூமுக்கு நாலு பேருதான் என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினாள். கதவு விரியத் திறந்திருந்தது. அது திரும்ப வந்து அடைத்துக்கொள்ளாதபடி ஓர் அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஐந்து பேரும் ஒருசேரத் தும்மினோம். மிளகாய் மூட்டையின் நெடி இசைத்தட்டின் உறைக்குள்ளேயே போய்விட்டிருந்தது. வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் தும்முவார்கள் என்ற என் கண்டுபிடிப்பு அங்கே தோற்றது.

தட்டைச் சுழற்றும் பெட்டி எங்களில் யாரிடமும் அங்கே இல்லை. பாட்டை மகேஸ்வரியின் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கொடுத்தோம். தட்டு கையிலிருந்து கைக்குப் போனது. கதிரேசன் உருப்பெருக்கியை எடுத்து அட்டையின் ஓரங்களை ஆராய்ந்தார். மெஜந்தா நிறம் ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறதாம். வெளிநாட்டு அச்சும் நம் அச்சு மாதிரிதான் என்று சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம்.

முதல் பாட்டு தொடங்கியது. பேஸ் கிட்டார் மெதுவாக, வெறுங்காலோடு நடப்பது போல வந்தது. பிறகு அந்தக் குரல். இருபத்தைந்து வருடம் அதிலும் ஏறியிருந்தது. கோலாலம்பூரில் வாடகை அறையில் தனியாகக் கிடந்த காலத்தில் எனக்குப் பேச்சுத் துணையாக இருந்த குரல் அது. வாசலில் ஆடிக் காற்று புழுதியைச் சுழற்றியது. வண்ணக் காகிதத் துண்டு ஒன்று உள்ளே பறந்து வந்து தரையில் கொஞ்சம் ஊர்ந்துவிட்டு வெளியே போனது. யாரும் அசையவில்லை.

அந்தப் பாட்டில் அவர் ஒரு கதவைத் தட்டுகிறார். அடுத்த இரண்டு பாட்டுகளிலும் தட்டிக்கொண்டே இருக்கிறார். நாலாவது பாட்டின் முடிவில் எல்லா வாத்தியமும் நின்றுபோகிறது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், யாரது என்று ஒரே ஒரு தடவை கேட்கிறது. அதோடு முதல் பக்கம் முடிந்தது. டீ குடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கலாம் என்று நிறுத்தினோம்.

செல்லத்துரைதான் முதலில் பேசினார். நம்மாளிடம் கோபத்தையே காணோமே என்று அவருக்கு வருத்தம். மேசையை உடைக்கிற மாதிரி பாடியவர் இப்போது மேசையைத் துடைக்கிற மாதிரி பாடுகிறார் என்றார். கதிரேசனுக்கு அந்த அடக்கம் பிடித்திருந்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டி மட்டும் யோசனையில் இருந்தார்.

"எதுக்குத் தட்டுதாரு?" என்று கேட்டார். "போன தடவ வெளக்க ஏத்தி வச்சுட்டுத்தானே போனாரு. கதவு தெறந்துதானே கெடந்துச்சு?"

கதிரேசன் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். வாசற்படியில் மகேஸ்வரி உறையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் நம்மாளு ஏதோ எழுதியிருக்கிறாரே என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்காக அதைத் தமிழில் வாசித்தாள். போன தட்டின் கடைசியில் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனேன். இத்தனை வருடம் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தட்டு அங்கிருந்து தொடங்குகிறது.

நான் கொண்டுவந்த தட்டு. கடல் தாண்டி, கக்கத்தில் இடுக்கிப் பத்திரமாக நானே கொண்டுவந்த தட்டு.

சங்கரபாண்டி கதிரேசனைக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒங்க ஊர்ல எப்படி? எது கடைசி?"

அவரிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எங்க ஊர்ல கதவுதான் அண்ணே கடைசி என்றேன்.

அதற்குப் பிறகு கதிரேசன் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கு மேசை, குப்புறப் போட்ட பிலிம், இரண்டு எழுத்து, மெமரி கார்டு. சங்கரபாண்டி எழுந்தார். நிலையில் கையை வைத்தார், மகளைத் தாண்டினார், தெருவில் இறங்கிப் போய்விட்டார். இரண்டாம் பக்கத்தை அன்று யாரும் கேட்கவில்லை. தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலண்டர் மாதிரியைப் பார்த்தேன். எங்கள் கடையின் பெயர், அதன் மேல் முருகன், கீழே தேதிகள். கதிரேசன் ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை சரிபார்த்தார். நாலாவது தடவை பார்க்கப் போனபோது நான் தாளை வாங்கி வைத்துவிட்டேன். இடைவேளையில் அவர் இணையதளத்தைத் திறந்து காட்டினார். ஒரு வெள்ளைக்காரர், முதல் பாட்டைக் கேட்டு சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கிழவர் பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். அந்தக் கதவு திறக்குமா என்று இருபத்தைந்து வருடம் காத்திருந்தேன், திறக்கவே இல்லையே என்று ஒரு பெண் புலம்பியிருந்தார். உண்மைதான். நான் தங்கியிருந்த அறையில் இரண்டாம் பக்கத்தைக் கைப்பேசியில் கேட்டுவிட்டிருந்தேன். யாரது என்ற கேள்விக்குப் பிறகு யாரும் வந்து திறக்கவில்லை. கடைசிப் பாட்டில் அவர் திரும்பி, கடலோரம் போகும் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார். அழகான பாட்டு. சங்கரபாண்டி அதைக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

அன்று முழுக்க அவர் வரவில்லை. கதிரேசன் அவர் தெரு வழியாக இரண்டு தடவை சைக்கிளில் போய் வந்தார். கதவு திறந்துதான் இருந்ததாம், உள்ளே போகத்தான் கால் வரவில்லையாம். அண்ணனிடம் இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிவிட்டேன் என்று அவர் சொன்னபோது எனக்கும் அழுகை வந்தது. பாதிப் பங்கு எனக்கும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரைக்குப் புறப்பட்டேன். கதிரேசன் என் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் சங்கரபாண்டி வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் என் அட்டைப் பொட்டலம். என்னிடம் அதை நீட்டிவிட்டு, சாப்பிட்டீகளா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

"நேத்து பளய ஆல்பத்த சரியான வரிசையில கேட்டேன் தங்கச்சி. மகதான் போட்டுக் குடுத்தா," என்றார். "நல்லாத்தான் இருக்கு. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும்போல. ஆனா எந்தம்பி போன வருசம் அது எங்கையில சரியா வந்திருந்துச்சுன்னா, நான் இன்னைக்கு இங்கன நிக்க மாட்டேன்."

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் முறுக்கு விற்பவர் கூவிக்கொண்டு போனார். சங்கரபாண்டி அவர் போகும்வரை பொறுத்திருந்தார்.

"புதுசையும் பூராக் கேட்டுட்டேன். தட்டிப் பாக்காரு, பொறவு பஸ் ஏறிப் போயிருதாரு. எனக்கு மனசு ஒப்பல. காலைல எந்திரிச்சு ரெண்டாம் பக்கத்த மொதல்ல போட்டேன். இப்பப் பாருங்க, மொதல்ல பஸ்ஸு ஏறிப் போறாரு. அப்புறமா திரும்பி வந்து தட்டுதாரு. எம்புட்டு நேரம் தட்டுதாரு. கடைசியில உள்ளருந்து யாருன்னு கேக்காக பாருங்க. அதோட முடிஞ்சிருது." குரல் கொஞ்சம் இறங்கியது. "உள்ள ஆளு இருக்கு தங்கச்சி. உசுரோட இருக்கு."

அந்த இரண்டு பக்கங்களையும் நான் கேட்டிருந்தேன். இணையதளத்தில் ஆயிரம் பேர் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"ஏலே கதிரு," என்றார் சங்கரபாண்டி. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் கதிரேசனோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். "புதுச கேசட்டுல ஏத்து. லேபிளு நீயே அடி. ஏ, பிய மாத்தித்தான் ஒட்டணும், கேட்டியா?"

கதிரேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். தலையை நிமிர்த்தி, ஆர்டர் எடுக்கும் அச்சகக்காரர் எவரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எத்தன காப்பிண்ணே? நாலுதானே?"

"அஞ்சு அடி. நம்ம நாலு பேருக்கு நாலு. முனியசாமிக்கு ஒண்ணு."

ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். நான் ஏறிக்கொண்டேன். சங்கரபாண்டி பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில் தகரத்தில் உள்ளங்கையை வைத்து, அது நகரும்வரை எடுக்காமல் நின்றார். பஸ் திரும்பியதும் நடத்துநர் கதவைச் சாத்த வந்தார். கொஞ்ச தூரம் திறந்தே இருக்கட்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.